ஐந்து மணி நேரத்தில் அச்சை விலக்கலாமா?

வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். கான்கிரீட் போட்டு முடித்த பிறகும் அடியில் சவுக்குக் கழிகளும் இரும்பு முட்டுகளும் நெருக்கமாக நின்றபடியே இருக்கும். வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மேஸ்திரி சென்ட்ரிங்கைப் பிரிக்க மாட்டார். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-ம் அவர் பக்கம்தான்: இரு தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை எடுக்கக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள். அதே சிமென்ட், அதே மணல், அதே ஜல்லியைக் கொண்டு அனல்மின் நிலையங்களில் 275 மீட்டர் உயரப் புகைபோக்கிகளையும் எழுப்புகிறார்கள். அங்கே சுவரின் எந்தப் பகுதியும் அச்சுக்குள் இருப்பது ஏறக்குறைய 5 மணி நேரம். காலையில் ஊற்றிய கான்கிரீட் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வெளிக்காற்றுக்கு வந்துவிடுகிறது. அதன் தலைமேல் புதுக் கான்கிரீட் ஏறிக்கொண்டே போகிறது. மேஸ்திரி சொல்வது சரியென்றால் அந்தப் புகைபோக்கி எப்போதோ சரிந்திருக்க வேண்டும். புகைபோக்கி நிற்பது நியாயமென்றால் மேஸ்திரி நம்மை வீணாகக் காக்க வைக்கிறார் என்றாகிறது. ஆனால் இரண்டு பேரும் செய்வது சரிதான். ஏனென்றால் தளத்தின் அச்சும் சுவரின் அச்சும் ஒரே காரணத்துக்காக நிறுத்தப்படுவதில்லை.

இரு சுவர்களுக்கு நடுவே கிடக்கும் தளம் தன் எடையாலேயே சற்றுத் தொய்கிறது. தொய்யும்போது அதன் மேற்புறம் நெருக்குண்கிறது, அடிப்புறம் இழுபடுகிறது. நெருக்கத்தைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுப்பில் அது சோனி. நெருக்கத்தில் காட்டும் வலுவில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். அதற்காகத்தான் அடிப்புறத்தில் கம்பி கட்டுகிறோம். ஆனால் கம்பி உதவ வேண்டுமானால் சுற்றியுள்ள கான்கிரீட் அதை நழுவவிடாமல் பற்றியிருக்க வேண்டும், அந்தப் பற்று வலுவாக நாட்கள் ஆகும். ஆக, தளத்தில் காத்திருப்பது வலுவுக்காக. செங்குத்தான சுவருக்கு இந்தச் சோதனை எதுவும் இல்லை. அதன் அடிப்பகுதி தனக்கு மேலே இருக்கும் எடையை மட்டும் நெருக்கமாகத் தாங்கினால் போதும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. அப்படியானால் ஒரு மீட்டர் உயரச் சுவர் தன் அடியில் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்கும் குறைவு. நன்கு முதிர்ந்த கட்டுமானக் கான்கிரீட் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ வரை தாங்கும். அந்த வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்துவிட்டாலே ஒரு மீட்டர் சுவர் துணையின்றி நிற்கும். அச்சு அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வடிவம் கலையாமல் பிடித்திருப்பது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதே ஐ.எஸ். 456, சுவர், தூண் ஆகியவற்றின் பக்கப் பலகைகளை எடுக்க 16 முதல் 24 மணி நேரம் கேட்கிறதே, 5 மணி நேரம் எங்கே, 16 மணி நேரம் எங்கே? தரநிலை சொல்வது சாதாரணப் பலகைகளை மனதில் வைத்து. ஆணி பிடுங்கி, கடப்பாரையால் நெம்பி, பலகையைச் சுவரிலிருந்து பக்கவாட்டில் பெயர்க்கும்போது இளங்கான்கிரீட்டின் முனைகள் உடையும்; மேற்பரப்பு பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த முரட்டுத்தனத்தைத் தாங்கத்தான் கூடுதல் நேரம். பலகையைப் பிடுங்காமல், சுவரை ஒட்டியே மேல்நோக்கி மெல்ல நழுவவிட்டால் அந்தக் காரணம் பெருமளவு நீங்கிவிடுகிறது. இப்படி நழுவிக்கொண்டே ஏறும் அச்சை ஸ்லிப்ஃபார்ம் என்பார்கள். நாம் நழுவச்சு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடுக்கு வார்த்து, இறுகவிட்டு, கழற்றி, அடுத்த அடுக்குக்கு மாற்றிப் பூட்டும் பழைய முறையைத் தாவச்சு எனலாம்.

நேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கான்கிரீட் எப்படிக் கெட்டியாகிறது என்பதில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றியாக வேண்டும். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை; தண்ணீருக்கடியில் ஊற்றினாலும் அது இறுகும். சிமென்ட் துகள்கள் தண்ணீரோடு வேதிவினை புரிந்து, நுண்ணிய இழைகளும் படிகங்களுமாகப் புதிய பொருளை உண்டாக்குகின்றன. இதற்கு நீரேற்றம் என்று பெயர். இந்த வினையின் போக்கில் ஒரு வசதி இருக்கிறது. தண்ணீர் பட்டதும் சில நிமிடங்கள் துள்ளும் வினை, பிறகு ஓரிரு மணி நேரம் ஏறக்குறைய உறங்குகிறது. கலவையை லாரியில் ஏற்றி வந்து, ஊற்றி, வைப்ரேட்டர் விட நமக்கு வாய்ப்புக் கிடைப்பது இந்த உறக்கத்தால்தான். அதன்பின் வினை மீண்டும் வேகம் பிடிக்கிறது, கலவை இறுகத் தொடங்குகிறது. வெப்பத்தை அளந்தே இதைத் தெரிந்துகொள்கிறார்கள்: நீரேற்றம் வெப்பம் உமிழும் வினை, கலவையில் ஒரு வெப்பமானியைப் புதைத்தால் தட்டையாகக் கிடக்கும் கோடு குறிப்பிட்ட நேரத்தில் எழும்பத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும்.

இறுக்கத்தை நேரடியாக அளக்க இன்னும் எளிய கருவி உண்டு. செயற்கைச் சிமென்ட் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விக்கா 19-ஆம் நூற்றாண்டில் கொடுத்த ஊசி இன்றும் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் ‘விகாட் ஊசி’ என்ற பெயரில் புழங்குகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் நுனி, 300 கிராம் சுமை, 40 மில்லிமீட்டர் ஆழ வளையத்தில் சிமென்ட் பசை. முதலில் ஊசி அடித்தட்டு வரை இறங்கிவிடும். அடியைத் தொட 5 மில்லிமீட்டர் இருக்கும்போதே அது நின்றுவிடும் நேரம் தொடக்க இறுக்கம். மேற்பரப்பில் வெறும் தடம் மட்டும் பதிக்கும் நேரம் இறுதி இறுக்கம். சாதாரணச் சிமென்டுக்கு முதலாவது 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. இரண்டுக்கும் நடுவே கலவை திரவமும் இல்லை, கல்லும் இல்லை. நழுவச்சு முழுக்க முழுக்க இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. அச்சின் மேல் வாயில் கான்கிரீட் இன்னும் இளகியிருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த அடுக்கு அதோடு கலந்து ஒன்றாகும். அச்சின் கீழ் வாயில் அது நிற்கும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும்.

இனி கருவி. நழுவச்சின் பலகை உயரம் 1 முதல் 1.2 மீட்டர்தான், கட்டடம் 30 மீட்டரானாலும் 300 மீட்டரானாலும் அதே அச்சு. சுவரின் உட்பக்கம் ஒரு பலகை, வெளிப்பக்கம் ஒரு பலகை. சுவருக்கு இருபுறமும் கால் பரப்பி நிற்கும் இரும்புச் சட்டங்கள் இரண்டையும் விலகாமல் பிடித்திருக்கும். இந்தச் சட்டத்துக்கு யோக், அதாவது நுகம் என்று பெயர். ஒவ்வொரு நுகத்தின் தலையிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு ஜாக்கி. அதன் நடுத்துளை வழியே, சுவரின் உள்ளே புதைந்து மேலே நீண்டிருக்கும் ஒரு கம்பி செல்கிறது, இது ஏறுகம்பி. ஜாக்கி கம்பியில் ஏறும் விதத்தைப் பனையேறி ஒருவரைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அவர் கைகளால் மரத்தைக் கட்டிப் பிடித்துக் கால்களை மேலே இழுக்கிறார். பிறகு தளைக்கயிற்றில் கால்களை ஊன்றிக்கொண்டு கைகளை உயர்த்துகிறார். ஏதாவது ஒரு பிடி எப்போதும் மரத்தில் இருக்கும். ஜாக்கிக்குள்ளும் மேலும் கீழுமாக இரண்டு பிடிகள். எண்ணெய் அழுத்தும்போது மேல்பிடி கம்பியைக் கவ்விக்கொள்ள, ஜாக்கியின் உடல் அச்சையும் சுமந்துகொண்டு சுமார் 25 மில்லிமீட்டர் உயர்கிறது. அழுத்தம் தளர்ந்ததும் கீழ்ப்பிடி கவ்விக்கொள்கிறது, மேல்பிடியை வில் ஒன்று மேலே தள்ளிவிடுகிறது. கம்பி தீர்ந்தால் அடுத்த துண்டைத் திருகிச் சேர்ப்பார்கள். மேல்தட்டில் கம்பி கட்டுபவர்களும் கான்கிரீட் போடுபவர்களும் வேலை செய்ய, அச்சுக்குக் கீழே தொங்கும் சாரத்தில் கொத்தனார்கள் நின்று அப்போதுதான் வெளிவந்த சுவரைத் தேய்த்துச் சமன் செய்கிறார்கள். அத்தனை பேரின் எடையும் ஏறுகம்பிகளின் மேல்.

இப்போது நேரத்தைக் கணக்கிடலாம். அச்சின் உயரம் 1.2 மீட்டர், கான்கிரீட் நிற்கத் தக்க நிலைக்கு வர ஏறக்குறைய 5 மணி நேரம். அப்படியானால் அச்சு மணிக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் ஏற முடியாது. ஒரு நாளுக்கு 6 மீட்டர். கனடாவின் டொரான்டோ நகரில் 553 மீட்டர் உயர சி.என். கோபுரத்தை 1973-இல் எழுப்பத் தொடங்கியபோது அதன் அச்சு நாளுக்குச் சுமார் 6 மீட்டர் உயர்ந்தது. ஜாக்கியின் வலிமையோ ஆட்களின் சுறுசுறுப்போ அல்ல, சிமென்டின் வேதியியல் நிர்ணயித்த வேகம் அது. மணிக்கு 25 சென்டிமீட்டர் என்றால் 25 மில்லிமீட்டர் எட்டுகள் பத்து. ஆறு நிமிடத்துக்கு ஓர் எட்டு. கீழே நிற்பவர் கண்ணுக்கு அசைவே தெரியாது.

வேகமாக ஏறினால் என்ன ஆகும் என்பது எளிது: இறுகாத கான்கிரீட் கீழ் வாயில் உப்பிப் பிதுங்கும், சரியும். தாமதித்தால் வரும் கேடு அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. கான்கிரீட் பலகையைப் பற்றிக்கொள்கிறது; அச்சு ஏறும்போது இளஞ்சுவரையும் தன்னோடு சேர்த்துத் தூக்கப் பார்க்கிறது. இழுப்பில் சோனியான பொருளை இழுத்தால் குறுக்கே வெடிப்பு விழும். இந்த உராய்வை நார்வேயின் டிரான்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் கெல் டூரே ஃபோசோ என்பவர் 2001-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் அளந்து பார்த்தார். கலவை இளகியிருக்கும்போது பலகையின் மேல் அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்குவது துகள்களுக்கு இடையிலுள்ள தண்ணீர். தண்ணீருக்கு உராய்வு இல்லை, பலகை வழுக்கிச் செல்கிறது. நீரேற்றம் தண்ணீரை உட்கொள்ளத் தொடங்கியதும் நீரின் அழுத்தம் விழுந்து, மணலும் ஜல்லியும் நேரடியாகப் பலகையை அழுத்துகின்றன, உராய்வு ஏறுகிறது. அச்சை நீண்ட நேரம் அசையாமல் வைத்துவிட்டு ஒரே மூச்சில் தூக்குவதைவிடச் சிறுசிறு எட்டுகளாக அடிக்கடி நகர்த்துவது ஏன் பாதுகாப்பு என்பதற்கு இதில் காரணம் கிடைக்கிறது. பலகைகளை மேல் வாயைவிடக் கீழ் வாய் சில மில்லிமீட்டர் அகலமாக இருக்கும்படி சரித்துப் பொருத்துவதும் அதனால்தான்: சுவர் முழுதாக இறுகும் முன் பலகை அதை விட்டு விலகத் தொடங்கிவிடும்.

இத்தனை நுணுக்கத்தையும் வேலையிடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஓர் இரும்புக் கம்பியால். மேல்தட்டில் நிற்கும் ஃபோர்மேன் அச்சுக்குள் இருக்கும் கான்கிரீட்டில் கம்பியைக் கையால் குத்தி இறக்குகிறார். அது முட்டி நிற்கும் ஆழம்தான் இறுகுமுனை. அதற்குக் கீழே கான்கிரீட் கெட்டி, மேலே இளகல். இறுகுமுனை கீழ் வாய்க்கு மிக அருகே இறங்கிவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மேலேறி வந்தால் கூட்ட வேண்டும். அச்சைச் சுற்றிப் பல இடங்களில் குத்திப் பார்க்கிறார்கள், ஏனென்றால் வெயில் படும் பக்கம் நிழல் பக்கத்தைவிட முன்னதாக இறுகும். விகாட் ஊசியின் தத்துவமே இது. ஆய்வகத்திலிருந்து 200 மீட்டர் உயரத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் நீரேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அதனால் ஒரே கலவை நண்பகலுக்கு ஒரு விதமாகவும் பின்னிரவுக்கு வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். குளிர்நாடுகளில் வெந்நீரில் கலவை போடுகிறார்கள். நம் கோடையில் தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டிச் சீவலைச் சேர்க்கிறார்கள், இறுக்கத்தைத் தள்ளிப்போடும் வேதிப்பொருட்களையும் கலக்கிறார்கள். சர்க்கரையே அத்தகைய பொருள்தான். சிமென்டின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாகச் சேர்ந்தாலே இறுக்கம் பல மணி நேரம் தள்ளிப்போகும். சுண்ணாம்புச் சாந்தில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்த மரபை நினைத்துக்கொண்டு யாராவது சிமென்டிலும் வெல்லம் போட்டுப் பார்த்தால் வருத்தப்பட நேரும்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. ஒரு மீட்டர் சுவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வலு போதும்; சரி. ஆனால் மேலே சுவர் வளர்ந்துகொண்டே போகிறதே, அடியிலுள்ள இளங்கான்கிரீட் நசுங்காதா? இரண்டு ஏற்றங்களை ஒப்பிட வேண்டும். நாளுக்கு 6 மீட்டர் சுவர் ஏறினால் அடியில் கூடும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ. அதே ஒரு நாளில் கான்கிரீட் ஈட்டும் வலுவோ, நல்ல தட்பவெப்பத்தில், சதுர சென்டிமீட்டருக்குப் பல பத்துக் கிலோ. சுமை நடந்து வருகிறது, வலு ஓடுகிறது. பருமன் மாறாத சுவர் 275 மீட்டர் உயர்ந்தால்கூடத் தன் எடையால் அடியில் விழும் அழுத்தம் 66 கிலோ. அந்த உயரம் வந்து சேர்வதற்குள் அடிக்கான்கிரீட்டுக்கு ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். பந்தயத்தின் முதல் சில மணி நேரத்தைக் கடந்துவிட்டால் சுமை வலுவை எட்டிப்பிடிக்கவே முடியாது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு, அது வேறோர் இடத்தில் இருக்கிறது. அச்சு, தட்டுகள், ஆட்கள், கம்பிக் கட்டுகள் எல்லாவற்றின் எடையும் ஏறுகம்பிகள் வழியாக இறங்குகிறது என்று பார்த்தோம். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கம்பி பல டன்னைத் தாங்கும், அது வளையாத வரை. மெலிந்த நீண்ட கம்பியை மேலிருந்து அழுத்தினால் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். துணையற்ற நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய உண்மை. ஏறுகம்பியை வளையாமல் காப்பது அதைச் சூழ்ந்த கெட்டிக் கான்கிரீட். ஜாக்கிக்கும் இறுகுமுனைக்கும் இடைப்பட்ட நீளம்தான் துணையற்ற நீளம். குளிரில் இறுக்கம் தாமதமாகி இறுகுமுனை கீழே போனால் சுவர் பிதுங்குவது மட்டுமல்ல, கம்பியின் துணையற்ற நீளமும் கூடிவிடுகிறது. சிமென்ட் தாமதித்தால் எஃகு பலவீனப்படுகிறது. இந்தத் தொடர்பைக் கவனிக்காமல் நழுவச்சை வெறும் ஜாக்கி வேலையாகப் பார்ப்பது தவறு.

இளங்கான்கிரீட்டை நம்பி எடை ஏற்றுவதன் விலையை உலகுக்குக் காட்டிய விபத்து நழுவச்சில் நடக்கவில்லை, தாவச்சில் நடந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற ஊரில் அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. சாரமும் அச்சும் முந்தைய நாள் வார்த்த அடுக்கிலேயே பூட்டப்பட்டிருந்தன. 1978 ஏப்ரல் 27 அன்று அந்த அடுக்கு பிய்ந்து, சாரம் முழுவதும் கோபுரத்தைச் சுற்றி உரிந்து விழுந்தது. 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் நிறுவனம் ஆராய்ந்து சொன்ன முடிவு: சுமை ஏற்றிய நேரத்தில் அந்தக் கான்கிரீட் போதிய வலுவை எட்டியிருக்கவில்லை. இரவுக் குளிரில் நீரேற்றம் மந்தமாகியிருந்தது. கடிகாரம் ஒரு நாள் என்று காட்டியது. சிமென்டின் கணக்கில் அது ஒரு நாள் அல்ல. வெப்பநிலையையும் காலத்தையும் சேர்த்தே கான்கிரீட்டின் வயதைக் கணக்கிட வேண்டும் என்ற முதிர்ச்சி முறையை பிரிட்டனில் நர்ஸ், சால் ஆகியோர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே முன்வைத்திருந்தார்கள். வில்லோ ஐலண்டுக்குப் பிறகுதான் அது அமெரிக்கத் தரநிலையாகும் அளவுக்கு வேகம் பெற்றது. இன்று சுவரில் புதைக்கும் வெப்ப உணரிகள் அந்தக் கணக்கை உடனுக்குடன் தருகின்றன. நழுவச்சிலும் விபத்துகள் நடந்ததுண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: தாவச்சு நேற்றைய கான்கிரீட்டில் தொங்குகிறது, நழுவச்சு, கீழே நெடுந்தூரம் முதிர்ந்த சுவரில் ஊன்றிய கம்பியில் நிற்கிறது. முறையாக நடத்தினால் பின்னதே எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது.

வடிவத்தைப் பிடித்திருப்பதே அச்சின் வேலை என்ற வாதத்துக்கு இன்னொரு சான்று சாலையில் கிடக்கிறது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநில நெடுஞ்சாலைத் துறையினர், பக்கப் பலகைகளே இல்லாமல் கான்கிரீட் சாலை போடும் இயந்திரத்தை உருவாக்கினார்கள். 1949-இல் அதைக் கொண்டு முதல் சாலைகள் போடப்பட்டன. இயந்திரம் முன்னால் கொட்டிய கலவையை அதிர்த்து, அமுக்கி, தன் வயிற்றுக்கு அடியில் வடிவாக்கிவிட்டு நகர்ந்துவிடும். பின்னால் வரும் சாலையின் ஓரம் செங்குத்தாக நிற்கும், எந்தப் பலகையும் இல்லாமல். இங்கே 5 மணி நேரம்கூட இல்லை. சில நிமிடங்களிலேயே அச்சு போய்விடுகிறது, சிமென்ட் இறுகவே தொடங்கியிருக்காது. சாலையின் கனம் 30 சென்டிமீட்டர்தான் என்பதால் அதன் ஓரம் தாங்க வேண்டிய அழுத்தம் மிகச் சொற்பம். தண்ணீர் குறைத்துப் போட்ட விறைப்பான கலவையில் ஜல்லியும் மணலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதே அதற்குப் போதும். இந்தியாவின் கான்கிரீட் விரைவுச்சாலைகளும் இத்தகைய இயந்திரங்களால் போடப்பட்டவைதான். உயரம் குறையக் குறைய அச்சு இருக்க வேண்டிய நேரமும் சுருங்குகிறது. வலுவுக்காகத்தான் அச்சு என்றால் இந்த உறவே இருக்க முடியாது.

செங்குத்து நழுவச்சின் பிறப்பிடம் அமெரிக்கத் தானியக் கிடங்குகள். மரக் கிடங்குகள் அடிக்கடி தீப்பிடித்ததால், மினியாபொலிஸ் அருகே தானிய வணிகர் ஃபிராங்க் பீவியும் கட்டுநர் சார்ல்ஸ் ஹாக்லினும் 1899-இல் ஒரு வட்டக் கான்கிரீட் குதிரைச் சோதனையாகக் கட்டினார்கள். நிரப்பினால் வெடித்துவிடும் என்று ஊரார் கேலி செய்த அந்தக் குதிர் இன்றும் நிற்கிறது. அதில் அச்சை அடுக்கடுக்காக உயர்த்தினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அச்சு நிற்காமல் நகரத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு எண்ணெய் ஜாக்கி இல்லை. விசில் கேட்டதும் ஆட்கள் ஆளுக்குச் சில திருகு ஜாக்கிகளைத் திருப்புவார்கள். ஒருவர் சோம்பினால் அந்தப் பக்கம் தட்டு தாழும். 1940-களில் சுவீடனில் வந்த எண்ணெய் ஜாக்கிகள் அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தன. எல்லா ஜாக்கிகளும் ஒரே பம்பிலிருந்து ஒரே நேரத்தில் எட்டு வைத்தன.

பெருமளவுதான், முழுக்க அல்ல. தட்டு சற்றுச் சாய்ந்தால் அச்சு அந்தத் திசையில் விலகி ஏறும். வட்டக் கட்டடங்களில் அச்சு முழுவதும் மெல்லத் திருகிக்கொண்டே போவதும் உண்டு. சரிசெய்வதையும் பதறாமல் செய்ய வேண்டும். சட்டென்று திருப்பினால் சுவரில் கோணல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். தட்டின் மட்டத்துக்கு நம் கொத்தனார்கள் கையாளும் அதே டியூப் லெவல், செங்குத்துக்கு அதே தூக்குக்குண்டு. பிற்காலத்தில் லேசர் சேர்ந்தது. சி.என். கோபுரத்தில் அச்சிலிருந்து தொங்கவிட்ட பெரிய தூக்குக்குண்டுகளைத் தரையிலிருந்து தொலைநோக்கிகளால் கண்காணித்தார்கள். அரைக் கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த அந்தக் கோபுரம் செங்குத்திலிருந்து விலகியது 29 மில்லிமீட்டர். நார்வேயின் கடல் எரிவாயு மேடையான டிரோல்-ஏ இன்னும் வேடிக்கை. 1995-இல் கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அந்த 472 மீட்டர் உயரக் கட்டமைப்பின் கான்கிரீட் கால்கள், அடித்தளம் கடல்நீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே நழுவச்சில் வார்க்கப்பட்டவை. மிதக்கும் பொருள் சாய்ந்தால் தூக்குக்குண்டு காட்டும் செங்குத்து வேறு, காலின் அச்சுக்கோடு வேறு. எதை நம்புவது என்பதையே தனியாகக் கணக்கிட வேண்டும்.

இவ்வளவு நேர்த்தியான முறை என்றால் எல்லா உயரக் கட்டடங்களும் ஏன் இப்படிக் கட்டப்படவில்லை? துபாயின் புர்ஜ் கலீஃபாவின் நடுச்சுவர்கள்கூடத் தானே ஏறும் தாவச்சில்தான் எழுந்தன, சில நாட்களுக்கு ஓர் அடுக்கு என்ற கணக்கில். நழுவச்சு நிற்காது என்பதே அதன் பலமும் பலவீனமும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை உயரும் அச்சுக்குள் குறுக்குக் கம்பிகளைக் கட்டியாக வேண்டும், கதவு ஜன்னல் திறப்புகளுக்குச் சட்டம் வைத்தாக வேண்டும், தளம் சேரும் இடங்களில் கம்பி முனைகளை மடக்கி ஒளித்துவைத்தாக வேண்டும். தவறவிட்டதைத் திரும்பிப் போய்ச் செய்ய முடியாது. கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் மறைப்பு இந்த அவசரத்தில் குறைந்துபோகும் ஆபத்து உண்மையானது. அச்சை இடையில் நிறுத்தவே முடியாது என்பதல்ல, சி.என். கோபுரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் கான்கிரீட் போட்டார்கள். நிறுத்தும்போது கான்கிரீட் ஒட்டிக்கொள்ளாதபடி அச்சைச் சிறுகச் சிறுக உயர்த்தி விடுவித்து, மீண்டும் தொடங்கும்போது பழைய மேற்பரப்பைக் கொத்திச் சுத்தம் செய்து இணைக்க வேண்டும். திட்டமிட்ட நிறுத்தம் ஒரு வேலை. மிக்ஸர் பழுதாகி நள்ளிரவில் நேரும் நிறுத்தம் சுவரில் நிரந்தரப் பலவீனம்.

ஆகவே, சுமார் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து, குறுக்குவெட்டு ஒரேயடியாக மாறாமல், திறப்புகள் குறைவாக உள்ள சுவருக்குத்தான் நழுவச்சு லாபம்: சிலோ, புகைபோக்கி, லிஃப்ட் கூடு, மலைப்பாலத்தின் தூண். அறைகளும் தளங்களும் நிறைந்த கட்டடத்துக்குத் தாவச்சே மேல். கட்டடம் எதுவானாலும், மாற்று மிக்ஸரும் மாற்று ஜெனரேட்டரும் மூன்று ஷிஃப்டுக்கு ஆட்களும் கைவசம் இல்லாத ஒப்பந்ததாரர் நழுவச்சை எடுக்கவே கூடாது.